வெந்நீர் ஒத்தடமும் வெல்டிங் முகமூடியும்

என் தம்பி மனைவிக்கு நான் வைத்த பெயர் மாட்டுக்கண்ணி. கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலையே அதுதான். விடிந்ததும் இறைச்சிக்கூடத்துக்குப் போய் மாட்டுக் கண்களை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து, உள்ளிருக்கும் லென்ஸைக் கீறல் படாமல் பிரித்தெடுப்பாள். கை கொஞ்சம் பிசகினாலும் போச்சு.

தம்பி வெல்டர். பட்டறைக்கு வருகிறவர்களிடம் பேசுவது என் பொறுப்பு. எங்கள் வீட்டுக்கே வாய் நான்தான்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

"அண்ணி, லென்ஸுக்கு முதல்ல லேசா சூடு காட்டினா, அது தன்னைக் காப்பாத்திக்க ஒரு புரதத்தை உண்டாக்கிக்குது. காவல்காரன் மாதிரி. அப்புறம் புற ஊதாக் கதிர் பட்டாலும் சீக்கிரம் மங்கல."

"வெல்டிங் வெளிச்சத்துலயும் அந்தக் கதிர்தானே?" என்றான் தம்பி.

"அதேதான். ஆனா இதெல்லாம் தட்டுல வெச்ச மாட்டு லென்ஸுக்குங்க."

பின்பாதி அவன் காதில் ஏறவே இல்லை. மறுநாளிலிருந்து காலையில் வெந்நீரில் துணி நனைத்துக் கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டான். கேட்டால் அசதி என்றான். கண் சிவந்து நீர் வடிந்தது, தூசி என்றான். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஒரு நாள் உடைந்த இரும்புத் தாங்கி ஒன்றைப் பற்றவைக்க வேண்டுமென்று அவளே பட்டறைக்கு வந்தாள். முகமூடி தரையில் கிடந்தது. இவன் வெறுங்கண்ணோடு நெருப்பைப் பார்த்துக் குனிந்திருந்தான். ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?"

"கத்தாதடி. தினமும் சூடு காட்டிட்டுத்தான் வரேன். தாங்கும்னு நீதானே சொன்ன?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அறிவுகெட்டவனே, நீ என்ன மாடா?" என்றேன்.

கரி படிந்த சட்டையோடு அவனை அவள் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். மேசை விளக்கைப் போட்டு, கட்டம் போட்ட தாளின்மேல் இரண்டு தட்டுகளை வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு லென்ஸ்.

"இது கதிரே படாதது. இது சூடும் காட்டி, கதிரும் பட்டது. கதிரைக் கூட்டிக்கிட்டே போனா காவல்காரனாலயும் முடியல. அடியில இருக்கற கோடு தெரியுதா பாருங்க."

ஒன்றின் வழியே கோடுகள் நூல் பிடித்தாற்போல் தெரிந்தன. மற்றது பால் ஊற்றியதுபோல வெளுத்திருந்தது. தம்பி தட்டருகே முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"

வீம்பு பிடிக்கிறான் என்று நான் வாயெடுத்தேன். அவள் என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"எவ்வளவு நாளாங்க இப்படி?"

அவன் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை.

"ஒத்தடம் குடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன்," என்றான். "முகமூடி போட்டா இரும்பு எங்க சேருதுன்னே தெரியலடி. அதான் கழட்டினேன்."