திரும்பினாள் என்று எழுதினேன்

பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தைய வருஷம், காரைக்காலில் ஒரு வெள்ளைக்கார மதாம் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். குரங்குக் குட்டியையும் மனிதக் குழந்தையையும் அருகருகே உட்காரவைத்து, எது எந்த வயதில் எதைக் கற்றுக்கொள்கிறது என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. குட்டி சுலபமாகக் கிடைத்துவிட்டது. அதன் தாயை நாய்கள் கொன்றிருந்தன. குழந்தையைத்தான் யாரும் தரவில்லை. பிரெஞ்சு தெரியும் என்பதால் குறிப்பெழுதும் வேலைக்குப் போன நான், கடைசியில் எங்கள் பத்து மாதப் பெண்ணையே தூக்கிக்கொண்டு போனேன்.

நாங்கள் குடியிருந்த தலத்தெருவில் கேலிக்குக் குறைவில்லை. "மாப்பிள்ளை பிள்ளையைக் குரங்கோட பந்தயத்துக்கு விட்டிருக்காரு" என்று என் மாமனாரே சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் பெண் ஜெயித்துக் காட்டுவாள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெயிக்கவும் செய்தாள். கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் வாழைப்பழத் துண்டை ஒளித்தால், குட்டி எல்லாவற்றையும் புரட்டும். இவள் நேராகப் பழத்திடம் போவாள். யார் வாயசைத்தாலும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எவ்வளவு கவனம் என்று மதாம் மெச்சினார். அன்றெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது.

அடுத்தது மணிச் சோதனை. கை அசைவு தெரியக் கூடாதென்று மதாம் பிள்ளைகளுக்குப் பின்னால் திரை கட்டி, அதற்குள் நின்று மணி அடிப்பார். அவருக்குப் பிள்ளைகள் தெரியமாட்டார்கள். எதிரே உட்கார்ந்து பார்த்து எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.

மணி அடித்தது. குட்டி வெடுக்கென்று திரும்பியது. என் மகள் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாட்டு மும்முரம் என்று நினைத்தேன். குரங்கு திரும்பியதென்று எழுதிவிட்டு மகள் பெயருக்கு நேரே வெறுமையாக விடக் கை வரவில்லை. திரும்பினாள் என்று எழுதினேன். மறுநாளும் அப்படியே. அதன்பிறகு அவள் பக்கம் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, எழுதிக்கொண்டே போனேன். சீக்கிரம் முடியட்டும் என்று மட்டும் இருந்தது.

வீட்டில் என் மனைவி தூளியை ஆட்டிக்கொண்டே பாடுவாள், பிள்ளை தூங்கிவிடும். காது கேட்காத பிள்ளையா தாலாட்டுக்குத் தூங்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒரு மத்தியானம் மனைவி வேலையாக இருந்தாள். நான் வாயே திறக்காமல் தூளியை ஆட்டினேன். வழக்கம்போலத் தூங்கிவிட்டாள். தூளிக் கயிற்றைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மதாமுக்குப் புதுச்சேரியில் தெரிந்த டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் சொன்னால் பொய் எழுதியதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் மதாம் கப்பலேறிவிட்டார். போகும்போது, கேட்கும் திறனில் இரண்டும் சமம் என்று சொல்லி என் கையைக் குலுக்கினார். குட்டியை ஒரு தோப்பில் கொண்டுபோய் விட்டோம்.

இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராமல் போகவே, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிறவியிலேயே கேட்காதா, நடுவில் போனதா என்று டாக்டர் கேட்டார்.

"மொதல்ல நல்லா கேட்டுச்சுங்க. மதாம் வீட்ல மணி அடிச்சா திரும்பும். இவங்கதான் நோட்டுல எழுதியிருக்காங்க" என்றாள் மனைவி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமென்று தலையசைத்தேன். இடையில் காய்ச்சல் எதுவும் வந்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுறப்ப காதுல ரெண்டு சொட்டு விடுவேங்க. எல்லாரும் விடுறதுதான். மழை நாள்லயும் விட்டேன். அதுலதான் போயிருக்குமோ?"

இருக்கலாம், சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வாசலுக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். வாசலில் அவள் அழுதுகொண்டிருந்தாள். பஸ்ஸில் சொல்லலாம் என்றிருந்தேன். பஸ்ஸில் பிள்ளை அவள் மடியில் கிடந்து, அசைகிற அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தது. எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் எந்த நாளிலும் வரவில்லை.

அதன்பின் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். தங்கை பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எத்தனையோ குழந்தைகள் எங்கள் வீட்டில் வளர்ந்தன. ஒன்றைக்கூட அவள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதில்லை. சனிக்கிழமைகளில் எண்ணெய்க் கிண்ணத்தை யாராவது நீட்டினால், "என் கை ஆகாது, நீங்க தேச்சு விடுங்க" என்று உள்ளே போய்விடுவாள். சாகிறவரைக்கும் அப்படித்தான் இருந்தாள். அந்தக் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் அவள் பக்கத்தில் நின்று வாங்கி வைத்தவன் நான்.