ஊசிக்கு முன் ஒரு கனவு

பஞ்சு மச்சான், தறிப் பஞ்சு ஒட்டாமல் உங்கள் தலைமுடியை நான் கண்டதேயில்லை. அதனால் வைத்த பெயர். வீட்டுக்குள் மட்டும் நான் கூப்பிட்ட பெயர்.

மாலை அஸர் பாங்குக்குச் சற்று முன் உங்கள் ராத்தா, என் மதினி, முற்றத்தில் வந்து நின்றார். அக்கரைப்பற்றுச் சந்தையில் நெய்த சாரன்களை விற்க விரித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம், பிறகு எழும்பவேயில்லையாம். மதினி சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. காலையில் சொன்ன கனவு பாதியில் நிற்கிறதே என்றுதான் நினைத்தேன்.

மருதமுனையில் உங்களோடு தறி நெய்தவர்கள், பேச்சில்லாத மனிதர் என்று உங்களைச் சொல்லி அழுகிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்குச் சீனி வருத்தம், உயிருள்ளவரை நாளும் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். நீங்கள் கடையில் இறங்கிக் கத்தரிக்காய் வாங்கினீர்கள். வீட்டில் அதில் ஊசியைக் குத்திக் குத்திப் பழகினீர்கள்.

"பாத்தியா புள்ள, சத்தம் போடாம இரிக்கி."

"அதுக்கு வாயிருந்தாத் தெரியும்" என்றேன். குத்துப்பட்ட கத்தரிக்காயைத்தான் அன்று கறியாக்கினேன். சிரித்துக்கொண்டே தின்றீர்கள்.

மருந்துக் குப்பி சூடுபட்டால் கெட்டுவிடுமாம். ஐஸ் பெட்டிக்கு நாங்கள் எங்கே போவது? நீங்கள் கால் வைத்து மிதிக்கும் தறிக்குழிதான் வீட்டில் குளிர்ந்த இடம். அதன் மூலையில் ஈர மணலில் சின்ன மண்முட்டியொன்றைப் புதைத்து, அதற்குள் குப்பியை வைத்தீர்கள். நாளெல்லாம் உங்கள் காலடியில்தான் என் உயிர் இருந்தது.

காலையில் அதை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டுவீர்கள். "மருந்து நித்திரையா இரிக்கி. குலுக்கக் கூடா. மெதுவா எழுப்போணும்." அடியில் தங்கியிருந்த வெள்ளை எழும்பிப் பால்போலக் கலங்கும். அப்போது கனவைத் தொடங்குவீர்கள். கடல் நம் தெரு ஒழுங்கைக்குள் சத்தமில்லாமல் வந்ததாம். மீன்கள் தறியில் ஏறி நூலுக்குள் நீந்தினவாம். "மறுகா?" என்று மீதிக் கதையை நான் கேட்கிற நேரம் பிஸ்மில்லாஹ் சொல்லி ஊசியை இறக்கிவிடுவீர்கள். நோவு தெரியாது.

"மறுகா நாளைக்கு" என்பீர்கள்.

"ஒரே கனவு தினமும் வருமா? பொய்தானே?"

"எனக்கு அது நெசவு மாதிரி புள்ள. விட்ட இடத்திலதான் தொடங்கும்."

உங்களை அடக்கிய மறுநாள் விடிந்தது. இத்தாவில் வீட்டுக்குள் தனித்திருக்க வேண்டிய எனக்கு அந்நிய ஆண் வந்து ஊசி போடலாமா என்று வந்த பெண்கள் கதைத்தார்கள். "வருத்தத்துக்குக் குத்தமில்லகா" என்றார் மதினி. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஊசியே வேண்டாம், உங்களிடமே வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. அல்லாஹ் பொறுக்கட்டும்.

மதினி தறிக்குழிக்குள் இறங்கிக் குப்பியை எடுத்துவந்தார். "இந்தா. என்ட தம்பி இதக் காலால தட்டுப்படாம எவ்வளவு பக்குவமாப் பாத்தான்! நீ இப்பிடிச் சும்மா கெடக்கப் போறியா?"

எழுந்தேன். மதினி ஊசியை அவித்துத் தந்தார். குப்பியை உருட்டினேன். மருந்து எழும்பியது. ஊசியில் மருந்தை ஏற்றினேன், மச்சான். நீங்கள் கடைசியாகச் சொன்ன கனவை நானே எனக்குச் சொல்லத் தொடங்கினேன். கடல் முழுவதும் வெள்ளைப் பாவு நூல் விரித்ததுபோல் கிடக்கிறது. அதன்மேல் நாமிருவரும் நடக்கிறோம். கால் நனையவில்லை. தூரத்தில் ஒரு வீடு. கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

பிஸ்மில்லாஹ் சொல்லி நானே இறக்கினேன். நொந்தது.

அன்றிலிருந்து நானேதான் போட்டுக்கொள்கிறேன். கத்தரிக்காயைக் காணும்போது வரும் சிரிப்பும், மருந்தை மெதுவாக எழுப்பும் பக்குவமும் என்னிடம் இருக்கின்றன. கனவு மட்டும் அந்தக் கதவடியிலேயே நிற்கிறது. உங்களைக் கூப்பிட்டது யார்? நீங்கள் உள்ளே போனபோது நான் எங்கே நின்றேன்?

மறுகா, மச்சான்?