மலை பிடிக்கப் போனவன்

போட்டோ ஸ்டுடியோவில் முகம் பிடிப்பவனுக்குச் சோறு நிச்சயம். மலையையும் மேகத்தையும் பிடிக்கப் போகிறவனுக்குக் கால்வலி நிச்சயம். 1950களில் பாலக்காட்டில் எனக்கும் ஒரு ஸ்டுடியோ இருந்தது. வெளியே வெளிச்சம் கொஞ்சம் மாறினால் போதும், உள்ளே இருப்புக்கொள்ளாது. இதே வியாதி உள்ளவர்களுக்கு மேலே விளக்க வேண்டியதில்லை.

வேலந்தாவளம் சந்தை

மழை ஓய்ந்த காலை. தூரத்து மலை துடைத்து வைத்த மாதிரி தெரிந்தது. மாட்டுச் சந்தையை ஒட்டிய மேட்டில் முக்காலியை ஊன்றி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கேமராக் கண்ணாடியில் மலை தலைகீழாகத் தொங்கியது. திடீரென்று அதன்மேல் எட்டு மாட்டுக் கால்கள் முளைத்தன. வெளியே வந்து பார்த்தால், ஒரு வியாபாரி சோடிக் காளையோடு மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நகரச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஏனுங்க, மலைய ஆருங்க வாங்கப் போறாங்க? எம்பட காளைகளைப் புடிங்க, பொழுதுக்குள்ள வித்துப்போயிருமுங்க!"

கல்யாண கோஷ்டி

மேகத்தை எடுப்பாகக் காட்டும் மஞ்சள் ஃபில்டரும் கையுமாக நல்லேப்பிள்ளி வயல்களில் மேகம் தேடி நான் அலைந்த ஒரு நாள், ஸ்டுடியோவுக்குக் கல்யாண கோஷ்டி வந்துவிட்டது. மாலையில் அவர்களுக்கு ரயில். என் மனைவி கோமதி அதுவரை கேமராவைத் தொட்டதில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, தானே துணிக்குள் புகுந்து எடுத்துவிட்டாள். நான் பதறி வந்து நெகட்டிவைக் கழுவித் தூக்கிப் பார்த்தேன். என்னுடையதைவிடத் துல்லியம்.

"எல்லார் தலையும் விழுந்திருக்கு, பாருங்கோன்னா. மேகம்தான் ஒண்ணும் விழலை."

வட்டவடை

மூணாறு வரை பஸ், அப்புறம் ஜீப், மிச்சம் நடை. பூண்டு போடும் மாடசாமியின் வீட்டில், மூடுபனி விலகட்டும் என்று நாள்கணக்கில் தவித்துக் கிடந்தேன். ஒரு காலை விலகியது. படிப்படியாக இறங்கும் அவர் பூண்டுக் காட்டை வெயில் ஓரமாகத் தொட்டது. ஒரே ஒரு படம். அதற்குள் பனி மூடிவிட்டது.

அடுத்த வருஷம் பிரிண்டோடு போனேன். பெருமழையில் அந்தச் சரிவே பெயர்ந்து ஓடைக்குள் போயிருந்தது. எந்த முகத்தோடு படத்தை நீட்டுவது? பையை மூடிக்கொண்டு, "வாங்க, உங்களை ஒரு படம் எடுக்கிறேன்" என்றேன். அவர் பைக்கு வெளியே நீட்டியிருந்த பிரிண்டின் நுனியைப் பார்த்துவிட்டார். உருவியெடுத்து, கல் வரப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை.

"நான்தான் இந்தா நிக்கேனேய்யா. இல்லாமப் போனது காடுதான், இதக் குடுங்க."

இது பொறுமைசாலிகளுக்கான கலை என்கிறார்கள். எனக்குத் தெரிந்து இதில் இறங்கிய எவனும் ஓரிடத்தில் ஒழுங்காக உட்கார்ந்ததில்லை.