உதட்டோரத்துக் குண்டூசிகள்

அந்தத் தையற்காரிக்கு எங்கள் தெருவில் 'ம் அக்கா' என்று பெயர். யார் என்ன சொன்னாலும் 'ம்' என்பதோடு சரி. உம்மணாமூஞ்சி என்று நினைத்துவிட வேண்டாம். கடையைச் சாத்திவிட்டு அவர் பேச ஆரம்பித்தால் நம் காது புளித்துப்போகும். வேலை நேரத்தில் மட்டும் கீழுதட்டின் வலது ஓரத்தில் குண்டூசிகள் வரிசையாக நிற்கும். வாயைத் திறந்தால் கொட்டிவிடும். இடுப்பு கொஞ்சம் தளர்வாக வேண்டுமா, ம். வெள்ளிக்கிழமை கிடைக்குமா, ம். கிடைக்காது என்பதற்கும் அதே ம்தான், கொஞ்சம் இழுத்துச் சொல்வார். பழகாதவர்கள் வெள்ளிக்கிழமை வந்து சண்டை போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

ஊசி குத்தி வைக்கும் பஞ்சுப் பொட்டலம் மேஜையில் இருக்கிறது. அவருக்கு அது சரிப்படவில்லை. உடுத்தி நிற்பவரைச் சுற்றி முட்டி போட்டு நகர்ந்தபடி, ஒரு கையால் மடிப்பைப் பிடித்து, மறு கையால் உதட்டிலிருந்து ஊசியை உருவிக் குத்துவார். கண் மடிப்பை விட்டு நகராது. எந்த ஊசி எங்கே இருக்கிறது, கூர் எந்தப் பக்கம் என்பதெல்லாம் உதட்டுக்குத்தான் தெரியும்.

ஊசிகள் நிற்கும் அதே வலது பக்கத்து ஞானப்பல் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கீழ்த்தாடையின் கடைக்கோடியில், பாதி ஈறுக்குள்ளும் பாதி வெளியிலுமாகப் படுத்துக் கிடந்தது. அடிக்கடி ஈறு வீங்கும், கன்னம் பன் மாதிரி உப்பும். மாத்திரை போட்டுக் காலம் தள்ளினார். பல்லைப் பிடுங்கப் பயம், அதற்குக் காரணம் அவருடைய நாத்தனார். அந்த அம்மாள் வேறெங்கோ இதே பல்லைப் பிடுங்கிக்கொண்டவர். பாதி உதடு மரத்தது மரத்ததுதான். மோவாயில் சாப்பாடு ஒட்டியிருந்தால் யாராவது சொன்னால்தான் துடைப்பார்.

"இருக்கிற கொஞ்சநஞ்ச ஞானமும் போயிடும்னு பயப்படறா," என்பார் கணவர். எலக்ட்ரீஷியன். தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொள்வார்.

ஒருமுறை வாயையே திறக்க முடியாமல் வீங்கியது. வீக்கம் வடிந்ததும் மகள் விடவில்லை. பல் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கணவரும் கூடப் போனார். மருத்துவர் முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்தார். அதில் பல்லின் வேரும் நரம்பு ஓடும் குழாயும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன.

"கீழ் உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கற நரம்பு இது. வேருக்குத் தள்ளிப் போகுதா, ஒட்டிக்கிட்டுப் போகுதான்னு இதுல தெரியல. த்ரீ-டி ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்."

"ஒரு படம் எடுத்தாச்சே டாக்டர், இன்னொன்னு எதுக்கு?" என்றார் கணவர். கேட்டுவிட்டுப் படத்தையே உற்றுப் பார்த்தார். "ஓ... சுவத்துக்குள்ள ஒயர் எங்க ஓடுதுன்னு பார்க்காம டிரில் போடக் கூடாதுங்கறீங்க." அதன்பிறகு கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் இதை அவர்தான் விளக்கினார்.

ஸ்கேன் அறையில் தாடையை ஒரு மேடையில் வைத்து நிற்க வேண்டும். இயந்திரத்தின் கை தலையைச் சுற்றி வரும். அது சுற்ற ஆரம்பித்ததும், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அங்கே வேலை பார்க்கும் பெண், "துளிகூட அசையாதீங்க. சரியா?" என்றாள்.

"ம்."

படம் கலங்கிப்போனது.

"தலையாட்டினீங்களா மேடம்?"

"இல்லையேம்மா."

வாசலில் நின்ற மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெஷின் சுத்தும்போது அவங்ககிட்ட எதுவும் கேட்காதீங்க. கேட்டா ம்னு சொல்லாம இருக்க அவங்களால முடியாது."

இரண்டாவது தடவை அந்தப் பெண் வாயையே திறக்கவில்லை. படம் பளிச்சென்று வந்தது. நல்ல செய்தி இல்லை. இரண்டு வேர்களுக்கும் நடுவே நரம்பு ஒட்டி உரசிக்கொண்டு போனது.

"முழுசா பிடுங்கினா நரம்பு நசுங்கலாம். மேல்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை அப்படியே விட்டுடறேன்," என்றார் மருத்துவர்.

"வேலையைப் பாதியில விடறதா?" என்றார் அக்கா.

"வேர் பெரும்பாலும் சும்மா கிடக்கும். மெல்ல மேல ஏறி வந்தா, அப்ப நரம்பை விட்டு விலகியிருக்கும், எடுத்துக்கலாம்."

"உதடு மரத்துப்போனா எனக்குக் கை போன மாதிரி டாக்டர். இதுல அந்த பயம் இல்லையே?"

"ரொம்பக் குறைவு. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

மருத்துவர் சமாதானத்துக்காகப் பொய் சொல்லாதது அவருக்குப் பிடித்திருந்தது. பயம் மட்டும் போகவில்லை.

பல்லை வெட்டி எடுத்த அன்று, வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். வலது உதட்டை விரலால் அழுத்தினார். யாருடைய உதட்டையோ தொடுவது போல இருந்தது. மதியம் போனது, விளக்கு போடும் நேரமும் வந்தது. மரத்துப்போக ஊசி போட்டால் இறங்க நேரமாகும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். கணவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அக்கா உதட்டை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"ஏய்," என்றார் திடீரென்று. "எரியுதுடி."

மகள் ஓடி வந்து வெளிச்சத்தில் பார்த்தாள். பல் எடுக்கும்போது வாயை இழுத்துப் பிடித்ததில், வலது கீழுதட்டின் ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. அவள் களிம்பை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள்.

அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கண் நிறைந்திருந்தது.

"இரு, இப்ப போடாதே. இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்."