பட்டயம் இல்லாத பாட்டு

இசைத்துறையில் நான் ஆற்றிய சேவைக்கு ஓய்வூதியம் கிடையாது. வருவாய்த்துறையில் ஆற்றிய சேவைக்கு உண்டு; அதனால்தான் உட்கார்ந்து இதை எழுத முடிகிறது. பாட்டெழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடியும் வந்தேன் என்பது என் பணிப்பதிவேட்டில் இல்லை. அதற்கென்று அதில் ஒரு கட்டம் கிடையாது.

எழுபதுகளின் நடுவில் எனக்கு மூணாறு பக்கத்துச் சின்னக்கானலில் வேலை. மலையில் குடியேறியவர்களுக்குப் பட்டயம் கொடுக்க சர்க்கார் திறந்திருந்த தற்காலிக அலுவலகம் அது. இந்த நிலம் இன்னாருடையது என்று முத்திரை குத்திச் சொல்லும் காகிதம்தான் பட்டயம். கல்பாத்தி அக்ரகாரத்தில் பிறந்து, சங்கீதமும் பட்டப்படிப்பும் முறையாக முடித்த, கல்யாணம் ஆகாத பெண்ணை அங்கே அனுப்பினார்கள் என்றால் அதில் மர்மம் ஒன்றும் இல்லை. மற்ற எல்லோரும் ஏற்கெனவே சிபாரிசு பிடித்து மலையிறங்கியிருந்தார்கள்.

தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எனக்கு ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டியதும் உடன் வேலை செய்தவர்கள் மூணாறு பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பிறகு மறுநாள் காலைவரை நான் பேசுவதற்கு ஊரிலிருந்து கொண்டுவந்த சுருதிப்பெட்டி மட்டும்தான். மூடுபனி கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். விருந்தாளி மாதிரி வரும், போவதற்கு மனம் இல்லாமல் நிற்கும். அதைப் பார்த்துத்தான் பாட்டு வந்தது.

முதலில் கல்பாத்தித் தமிழில் எழுதிப் பார்த்தேன். எதை ஆரம்பித்தாலும் இரண்டாவது வரியில் நாமாவளி ஆகிவிட்டது. அதனால் கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சை அவர்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

கதவத் தட்டுற மூடுபனியே
காலத் தொடச்சுட்டு உள்ள வா
ரெண்டு டம்ளரு எடுத்து வச்சேன்
ஒண்ணு இன்னும் நனையல

இன்னும் இரண்டு சரணங்கள் உண்டு. அவை இவ்வளவு நன்றாக இருக்காது.

பக்கத்து வீட்டில் ஒரு கொழுந்து பறிக்கும் பெண் இருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். வீடு நிறைய ஆட்கள். அதனால் வாசலில்தான் இருப்பாள். ஒருநாள் காலையில் என்னை நிறுத்தினாள்.

"கிளார்க்கம்மா, நேத்து பாடுனீகளே, அது எந்தப் படம்?"

"படம் இல்ல. நானே எழுதினது."

"அது இருக்கட்டும்மா. எந்தப் படத்துல வருது?"

நான் பொய் சொல்வதாக அவள் நினைக்கவில்லை. நடந்து அலுவலகம் போய்வருகிற, கிருஷ்ணாயில் தீர்ந்தால் தன்னிடம் கடன் கேட்கிற ஒருத்தி பாட்டைக் கட்டுவாள் என்பது அவள் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பாடிக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

"ஆரோட க்ருதியாக்கும் இது?"

"என்னோடதுதான்."

"டம்ளர் மேல ஆரானும் பாட்டுப் பண்ணுவாளோ? பகவான் பேர் ஒரு எடத்துலகூட இல்லையே." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெட்டு என்னமோ நன்னாத்தான் இருக்கு. ஆர்கிட்டேர்ந்து எடுத்தாய்?" என்றாள்.

அப்போதிருந்து எனக்கு ஒரே ஆசைதான். இது இவளுடைய பாட்டு என்று நாலு பேர் முன்னிலையில் ஒரு தடவை முடிவாக வேண்டும். நிலமாக இருந்தால் வழி தெரியும். நாலு எல்லை, அண்டை வீட்டார் வாக்குமூலம், வரி ரசீது, ஆட்சேபம் உண்டா என்று அறிவிப்பு. இந்த வரிசையில் எத்தனையோ பேருக்கு உரிமையை நிலைநாட்டிக் கொடுத்திருக்கிறேன். பாட்டுக்குக் கிழக்கே யார், மேற்கே யார் என்று எழுதுவது?

வாய்ப்பு தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் வந்தது. தொழிற்சங்கச் செயலாளர் மைக்கைப் பிடித்து, "அடுத்ததா நம்ம பட்டயாபீஸ் கிளார்க்கம்மா ஒரு சினிமாப் பாட்டுப் பாடுவாங்க" என்றார். நான் மைக்கை வாங்கினேன்.

"இது சினிமாப் பாட்டு இல்லை. எழுதினதும் மெட்டுப் போட்டதும் நான்தான்."

உத்தரவை வாசிக்கும் குரலில் சொன்னேன். ஆட்சேபம் ஏதும் வரவில்லை. பாடினேன். பாடி முடித்ததும் கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முன்வரிசையிலிருந்து என் பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது.

"அப்ப அந்த ரெண்டாவது டம்ளரு யாருக்கும்மா எடுத்து வச்சீக?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். பின்னால் யாரோ "பாவம்ல" என்றார்கள். அந்த வார்த்தை கூட்டம் முழுக்கச் சுற்றி மேடைக்கு வந்து சேர்ந்தது.

எத்தனையோ கோப்புகளில் சிக்கலை முன்கூட்டியே பார்த்தவள், இதைப் பார்க்கவில்லை. படப் பாட்டாக இருந்தவரை அந்தத் துக்கம் யாரோ ஒரு கதாநாயகியுடையது; எல்லோரும் நிம்மதியாகக் கேட்கலாம். என்னுடையது என்று சொன்ன கணத்தில் அது என் வீட்டு நிலவரம் ஆகிவிட்டது. உரிமையோடு வில்லங்கமும் சேர்ந்து வரும் என்பதை நான் மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

மறுநாள் மாலை முறுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் வேறொரு வீட்டிலிருந்து இன்னும் முறுக்கு. பெண்கள் முறை வைத்து வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர், மனைவியை இழந்த தன் அண்ணனைப் பற்றி, வரன் விசாரிக்கும் தோரணையில் பேசினார். அலுவலகத்தில் மலையாளியான கடைநிலை ஊழியர், டீ நேரத்தில், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "ரெண்டு சாய எடுக்கட்டே, மேடம்?" என்று கேட்டார். நான் தேடியது கேட்பவர்களை; கிடைத்தது ஆறுதல் சொல்பவர்கள். அவர்கள் இருக்கையில் சுருதிப்பெட்டியைத் தொட முடியவில்லை. தொட்டால் அடுத்த துக்கம் என்ன என்று காத்திருந்தார்கள். மழை பிடித்தபின் வரவு குறைந்து, பிறகு நின்றது. நிம்மதியாகவும் இருந்தது, சாயங்காலங்கள் முன்பைவிட நீளமாகவும் இருந்தன.

மழை விட்டதும் மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்த ஒரு வானொலி நிலையத்துக்கு எழுதினேன். குரல் தேர்வுக்கு அழைத்தார்கள். அரசு ஊழியர் வானொலியில் பாடுவதற்குத் துறையின் அனுமதி வேண்டும் என்பது எங்கள் அலுவலக வழக்கம். என் விண்ணப்பத்தை நானே பதிவு செய்து, அனுமதிக்கலாம் என்று நானே குறிப்பெழுதி, மேலதிகாரி கையெழுத்திட்டபின் எனக்கு நானே நகல் அனுப்பிக்கொண்டேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு வேகமாக நகர்ந்த கோப்பு வேறு இல்லை.

போடி வழியாகப் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். நிலையத்தில் என்னை விசாரித்தவர் என் வகையைச் சேர்ந்த மனிதர். கேள்விகளை வரிசைப்படிதான் கேட்டார்.

"மெல்லிசையா, நாட்டுப்புறமாங்க?"

"என்ன வித்தியாசம்?"

"மெல்லிசைன்னா அங்கீகாரம் பெற்ற கவிஞர் எழுதியிருக்கணும். நீங்க அங்கீகாரம் பெற்றவங்களா?"

"இல்லை."

"நாட்டுப்புறம்னா எழுதினவர் யாருன்னே தெரியக் கூடாது."

"எழுதினவர் உயிரோட, உங்க எதிர்ல உட்கார்ந்திருந்தா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "அதுக்கு எங்ககிட்ட பிரிவு இல்லைம்மா."

கச்சிதமான விதி. நானே வகுத்திருக்கலாம். திரும்பிப் போயும் இருக்கலாம். திருவிழாவுக்கு முன்னால் என்றால் போயிருப்பேன். ஆனால் முறுக்கு என் நினைவில் இருந்தது.

"தோட்டத்துல பாடறது. யார் கட்டினதுன்னு தெரியாது," என்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்ததும் பாடினேன். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பாடியதில்லை. இரண்டாவது டம்ளர் யாருக்கு என்று அந்த அறையில் யாரும் கேட்க முடியாது. பாட்டுக்குள் எவ்வளவு தனியாக வேண்டுமானாலும் இருக்கலாம். பொறுப்பு யாருடையதும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அது ஒலிபரப்பானது. தோட்டத்து டீக்கடை வாசலில் பெண்களோடு நின்று கேட்டேன். மலைத்தோட்டத் தொழிலாளர்களின் நாட்டுப்பாடல், சேகரித்துப் பாடுபவர் இன்னார் என்று என் பேரைச் சொன்னார்கள். பாட்டு முடிந்தது.

"சேகரிச்சுன்னா என்னம்மா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கிடைச்சதைப் பொறுக்கி எடுக்கறது."

"ஏன், கீழயா கெடந்துச்சு?"

நான் டீயைக் குடித்தேன்.

"நீங்க கட்டுனதுன்னு சொல்லலையா?"

"சொல்லல."

அவள் வானொலிப் பெட்டியைப் பார்த்தாள். "அதுவும் சரிதான். சொல்லியிருந்தா ஊரெல்லாம் முறுக்குச் சுடணும்."

அதன்பின் அந்த நிலையத்துக்கு இன்னும் சில பாட்டுகளை இதே முறையில் சேகரித்துக் கொடுத்தேன். அந்தச் சில வருடங்களில் சின்னக்கானலின் நாட்டுப்பாடல் வளம் கணிசமாகப் பெருகியது. பிறகு தற்காலிக அலுவலகம் மூடப்பட்டு எனக்கு நல்லேப்பிள்ளிக்கு மாற்றல் வந்தது. அங்கே நெல்வயல், வெயில், நல்ல மனிதர்கள். பனி கிடையாது, பாட்டும் வரவில்லை.

மலையிறங்கும் நாளில் பெண்கள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரி பஸ் ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தாள். மூணாறு பாத்திரக்கடையில் வாங்கிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். நம் ஆட்கள் பாத்திரம் கொடுத்தால் அதில் எழுத்து வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். புள்ளிப் புள்ளியாக, கொஞ்சம் சரிந்து, 'கிளார்க்கம்மா சொந்தப் பாட்டுக்கு' என்று இருந்தது.

மற்றதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அதுல ஒண்ணும் வெட்டலம்மா," என்றாள். "யாரு வருவாகன்னு தெரியலேல்ல."

பஸ் கிளம்பிவிட்டது. பேர் வெட்டியதில்தான் இன்றும் காப்பி குடிக்கிறேன். புள்ளிகள் தேய்ந்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் வாசிக்க வரும். மற்றது அலமாரியில் அதன் பக்கத்தில் இருக்கிறது. அதையும் எடுத்துத் துடைத்து வைப்பேன். புதிதாகவே இருக்கிறது.