மூட்டைக்கு வாங்கிய ஸ்பிரிங்

குந்தவையை ஓரிடத்தில் உட்காரவைப்பது அவளைப் பெற்றவர்களாலேயே ஆகாத காரியம். சாப்பிடும்போதுகூட ஒரு காலை எழுந்து ஓடத் தோதாக வைத்திருப்பாள். அதற்கேற்ற உத்தியோகமும் வாய்த்தது. குடவாசல் பக்கத்துக் கிராமங்களுக்கு அவள் கால்நடை ஆய்வாளர். பசுக்களுக்குச் சினை ஊசி போடுபவள். மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் உடனே போயாக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் மாடு கேட்காது.

அதற்காகத்தான் மலைப்பாதையில் ஓட்டுகிற உயரமான பைக்கை வாங்கினாள். மேடுகூட இல்லாத ஊரில் இது எதற்கு என்று தெருவே சிரித்தது. சிரித்தவர்கள் ஐப்பசி மழையில் வாய்க்கால் கரைகளில் சறுக்கி விழுந்துகொண்டிருந்தபோது, அவள் ஊசி மருந்து வைத்த நைட்ரஜன் கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள்.

போன வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் வலி முதுகில் ஏறியது. வண்டியை விட்டுவிடச் சொன்னார் டாக்டர். கணவன் நெடுமாறன் அதற்குள் திருவாரூர் அலுவலகத்தில் ஒரு மேசை வேலை காலியாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"ஃபேனுக்கு அடியில உக்காந்து வேலை பாக்க யாருக்குக் கசக்கும்?" என்றான்.

குந்தவைக்குக் கசந்தது. நினைத்தாலே மூச்சு முட்டியது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பரை மாற்றிப் பார்ப்போம், அப்படியும் வலி குறையாவிட்டால் போய் உட்கார்ந்துவிடுவோம் என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதியில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கும், இவள் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள். கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பரா, எண்ணெய் மட்டும் உள்ளது போதுமா, பக்கத்தில் தனி டப்பா வைத்ததா? காலையில் முடிவு செய்ததை மாலையில் மாற்றினாள். கடைசியில் கோயம்புத்தூரில் இந்தச் சாமான் விற்கும் அனீஸாவுக்குப் போன் போட்டாள்.

"எல்லாமே நல்லதுதாங்க்கா. ஸ்பிரிங் எடைக்குச் சரியா இருக்கணும், அதுதான் முக்கியம். பின்னால என்ன ஏத்துவீங்க?"

"மூட்டையச் சொல்லு" என்றான் நெடுமாறன் பக்கத்திலிருந்து.

அவளும் சொன்னாள். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் புது வண்டி வாங்கிய கையோடு பின் ஸ்பிரிங்கைக் கடைசிவரை முறுக்கிவிடுவார்கள். நெல்லோ யூரியாவோ ஏற்றினால் வண்டி அடியில் தட்டக்கூடாது. அவள் வண்டியிலும் அப்படித்தான் முறுக்கியிருந்தது. ஓட்டுகிற ஆளை யாரும் யோசிப்பதில்லை. குந்தவையும் யோசிக்கவில்லை. இருப்பதிலேயே கெட்டியான ஸ்பிரிங் வந்து சேர்ந்தது.

மாட்டிய அன்றே பட்ட பாடு சொல்லி மாளாது. அவள் ஒல்லி. அவள் எடைக்கு அந்த ஸ்பிரிங் அசைந்துகூடக் கொடுக்கவில்லை. பள்ளத்துக்குப் பள்ளம் அவளைத் தூக்கிப் போட்டது. பாதிக் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். அங்கிருந்தே அனீஸாவைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

அனீஸா பொறுமையாகக் கேட்டாள். "மூட்டை தினமும் ஏத்துவீங்களாக்கா?"

"தினமும் எங்க? உரம் போடறப்ப, அறுப்பு சமயத்துல. அதுவும் எங்க வீட்டுக்காரருதான் எடுத்துட்டுப் போவாரு."

"அப்ப மத்த நாளெல்லாம் ஓட்டுறது நீங்கதான?"

தன் முதுகுக்காக வாங்கிய சாமானைக்கூட மூட்டைக்குப் பார்த்து வாங்கியிருக்கிறோமே என்று குந்தவைக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது.

அனீஸா ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி அனுப்பினாள். இம்முறை அவள் எடைக்கும் கேனுக்கும் பொருந்திய மெல்லிய ஸ்பிரிங். முதல் பள்ளத்தில் குந்தவை பயந்து பல்லைக் கடித்தாள். வண்டி அமுங்கியது, எழுந்தது, போய்க்கொண்டே இருந்தது. இடுப்பு பேசாமல் இருந்தது. அன்று எந்த மாடும் கூப்பிடாமலே இன்னும் இரண்டு ஊர் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினாள்.

அந்த வாரம் முழுவதும் வலி எட்டிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நெடுமாறன் இரண்டு யூரியா மூட்டைகளைப் பின்னால் ஏற்றிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்தான். வண்டி டயர் இடிக்கும் அளவுக்கு அமுங்கியது.

"என்னடி இது, மூட்டை தாங்கலையே! ஏமாத்திட்டாங்களா?"

"யாரும் ஏமாத்தலைங்க. இது எனக்குப் போட்டது. இறங்குங்க." மூட்டைகளை இழுத்துக் கீழே தள்ளினாள். "இதுக்கு லோடு ஆட்டோ பிடிங்க."

"ரெண்டு மூட்டைக்கு லோடு ஆட்டோவா? இத்தனை நாளா தாங்குச்சே!"

"வண்டியா தாங்குச்சு? என் இடுப்புல்ல தாங்குச்சு! திருவாரூருக்கு வரலைன்னு சொல்லிட்டேன்."

அவள் சாவியைப் போட்டாள். நெடுமாறன் மூட்டைகளை ஓரமாக நகர்த்தி வழிவிட்டான்.