அம்மாவின் பிரஷர் மாத்திரைச் சீட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் அம்மாவுக்குப் பிரஷர் என்று தெரிந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு பெண் டாக்டர் மாலை நேரத்தில் கிளினிக் வைத்திருந்தார். எங்களைப்போலத் தமிழர் இல்லை, பர்மியர். எல்லோரும் மரியாதையாக அவரைச் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். மாதம் ஒருமுறை போய்ப் பிரஷர் பார்த்துக்கொண்டு, அவர் எழுதித் தரும் சீட்டைக் காட்டிக் கடையில் மாத்திரை வாங்குவோம். சீட்டு இல்லாமல் கேட்டாலும் கடைக்காரர் கொடுத்துவிடுவார். அம்மா அதற்கு ஒப்பமாட்டாள். மாதாமாதம் சயாமா பார்த்து எழுத வேண்டும்.

அந்த நாளில் மத்தியானமே குளித்து, கன்னத்தில் தனகாப் பட்டையை அரைத்துப் பூசி, பர்மியப் பெண்களைப்போல நல்ல லுங்கியை எடுத்துக் கட்டிக்கொள்வாள். நான் எங்கள் ஊர் லத்தா பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். வேலை முடிந்து வந்ததும் உட்காரக்கூட விடாமல் கிளப்பிக்கொண்டு போவாள். சயாமா கையில் பட்டையைச் சுற்றியபடி, தூக்கம் வருகிறதா, ஙப்பியை நிறுத்தினீர்களா என்று கேட்பார். அந்த உப்பு மீன் விழுது இல்லாமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. நிறுத்திவிட்டதாகக் கூசாமல் சொல்வாள். சயாமா நம்பமாட்டார். இருவரும் சிரிப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றது. கிளினிக் வாசலில் அம்மா வழுக்கி விழுந்தாள். முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. சயாமா காயத்தைத் துடைத்து மருந்து போட்டுவிட்டு, பிரஷர் ஒரே சீராக இருக்கிறது, இனி அமே அலைய வேண்டாம், மகளை அனுப்பினால் சீட்டு எழுதித் தருகிறேன் என்றார். பர்மிய வழக்கப்படி அம்மாவை அமே என்றுதான் அவர் கூப்பிடுவார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அம்மா வீட்டுக்கு வந்து ஈர லுங்கியை மாற்றும்போதுதான் சொன்னாள்.

"சயாமாவுக்கு என்னைப் பாத்து சலிச்சுப் போச்சு. அதான் வராதேன்னு சொல்றாங்க."

விழுந்ததால்தான் அப்படிச் சொன்னார் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. அடுத்த மாதம் நான் வேலைக்குப் போயிருந்த சமயம், பக்கத்து வீட்டு அம்மாளைக் கூட்டிக்கொண்டு லத்தாவில் வேறொரு டாக்டரைப் பார்த்து வந்துவிட்டாள். அவர் வேறு மாத்திரை எழுதியிருந்தார். வந்தவுடன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து என்னிடம் காட்டினாள். அதிலே அவளுக்கு ஒரு ஜெயித்த சந்தோஷம்.

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. சளி இல்லாத வறட்டு இருமல். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன், ஆவி பிடிக்க வைத்தேன். விடவில்லை. வாரக்கணக்கில் நீண்டபோது டி.பி.யாக இருக்குமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் சயாமாவிடம் போனேன். இருமலைப் பற்றிச் சொன்னதும், புதிதாக ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டார். வேறு டாக்டரிடம் போனதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. மாத்திரையின் பெயரைக் கேட்டுக்கொண்டு, சிலருக்கு இது இப்படி இருமலைக் கொண்டுவரும், அமேயை அழைத்து வா, பார்க்கிறேன் என்றார்.

அம்மா உடனே கிளம்பவில்லை.

"அவங்க கூப்பிட்டாங்களா, நீயா சொல்றியா?"

"அவங்கதாம்மா கூப்பிட்டாங்க."

அம்மா போய் முகம் கழுவினாள்.

சயாமா நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்து நிதானமாகப் பார்த்தார். பழைய மாத்திரையையே எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "வாசல்ல தண்ணி நிக்குதேன்னுதான் வராதீங்கன்னு சொன்னேன். உங்களப் பாக்க எனக்கென்ன கஷ்டம்?" என்று பர்மியத்தில் சொன்னார். அம்மா தலையைக் குனிந்து லுங்கி மடிப்பைச் சரிசெய்தாள். "வீட்டுலயே இருந்தா என்னை யாரு என்ன கேக்கப் போறாங்க, சயாமா," என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். சயாமா என்னைப் பார்க்கவில்லை. மழை மாதங்களில் மகள் வரட்டும், மற்ற மாதங்களில் நீங்களே வாருங்கள் என்று முடித்துவிட்டார்.

இரண்டு மூன்று வாரத்தில் இருமல் அடங்கியது. மழைக்காலத்தில் தனியாகப் போகும்போது சயாமா என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்குப் பதில் தெரியாமல் விழித்தேன். அதனால் புறப்படுமுன் அம்மாவிடம் உட்கார்ந்து விசாரித்துக்கொண்டு போவது பழக்கமாயிற்று. எப்படித் தூங்கினாள், எங்கே வலிக்கிறது என்று அவள் சாவகாசமாகச் சொல்வாள்.

சில வருஷங்களுக்குப் பிறகு சயாமா கிளினிக்கைத் தூரத்தில் இருக்கும் இன்சீனுக்கு மாற்றிக்கொண்டார். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேறு இரண்டு டாக்டர்கள் வந்திருந்தார்கள். அவர்களைப் பற்றி அம்மாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மாதம் ஒருமுறை, ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் ஏறி இன்சீனுக்குப் போனோம்.